பழையபேட்டை பாய் கடை: ஜாடிக்குத் தாராளமாகப் போகலாம், தட்டுக்கு யோசிக்கணும்

கிருஷ்ணகிரியில் பழைய பீங்கான் சாமான் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது பழையபேட்டையில் இருக்கிற இந்தக் கடையைத்தான். பெயர்ப் பலகை கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண காயலாங்கடைதான், இரும்புக் கட்டில், பித்தளை அண்டா, ஓடாத தையல் மிஷின் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும். அதைத் தாண்டி உள் அறைக்குப் போனால் ஜாடிகள். "ஜாடி பாய் கடை எங்கே" என்று தெருவில் யாரைக் கேட்டாலும் காட்டிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்காரர் பாய் தொழுகைக்குப் பூட்டிவிடுவார், அந்த நேரத்தில் போகாதீர்கள்.

உள் அறையில் தரையிலிருந்து தோள் உயரம் வரைக்கும் ஊறுகாய் ஜாடிகள்தான், மேலே பழுப்பும் கீழே வெளிர் மஞ்சளுமாக நம் பாட்டி வீட்டுப் பரணில் இருந்த அதே ஜாதி. கால் படி நெய் ஜாடியிலிருந்து, ஒரு ஆள் கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டிய பெரிய உப்பு ஜாடி வரைக்கும் எல்லா அளவும் இருக்கிறது. ஒரு பக்கச் சுவர் அலமாரியில் இங்க் பாட்டில்கள், இன்னொரு அலமாரியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கப், சாசர், தட்டு, கெட்டில். இந்த மூன்றையும் ஒரே மதிப்பெண்ணில் போட முடியாது, அதனால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

ஜாடியைப் பொறுத்தவரை இந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல கடையை நான் பார்த்ததில்லை. காரணம் சரக்கு மட்டும் இல்லை, பாய் விற்கிற விதம். நாம் ஒரு ஜாடியைத் தொட்டதும் அவர் விலையைச் சொல்ல மாட்டார், முதலில் அதில் என்ன குறை என்று சொல்வார். "இது மூடி வேற ஜாடியோடதும்மா. கழுத்துல ஒரு சில்லு போயிருக்கு பாரு, விரலை வெச்சுப் பாரு. உள்ள விரிசல் இல்ல." இவ்வளவும் சொல்லிவிட்டு அப்புறம்தான் ரேட். பழைய சாமான் வியாபாரத்தில் இப்படி ஒருத்தரைப் பார்ப்பது அபூர்வம். பெங்களூர் ரோட்டில் பெரிய கண்ணாடி முகப்பு வைத்த ஒரு கடையில் என் நாத்தனாருக்கு ஒட்டுப் போட்ட கெட்டிலை முழுசு என்று சொல்லி விற்றுவிட்டார்கள், வெந்நீர் ஊற்றினதும் மூக்கு கையோடு வந்துவிட்டது. கேட்டதற்கு, பழைய பொருள் என்றால் அப்படித்தான் என்று பதில்.

பாய் கடையில் எனக்கு ரொம்பப் பிடித்தது தண்ணீர் சோதனை. ஜாடியைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் போதும், அவரே அதில் கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றி, செய்தித்தாளை விரித்து அதன் மேல் வைத்துவிடுவார். "நாளைக்கு வந்து பேப்பரைத் தொட்டுப் பாரும்மா, காஞ்சிருந்தா காசு குடு." அட்வான்ஸ்கூடக் கேட்பதில்லை. இந்தச் சோதனையில் விஷயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மயிர் விரிசல் இருந்தால் வெறும் ஜாடியில் அது ஒன்றும் செய்யாது, ஊறுகாய் போட்டால்தான் தெரியும். உப்புத் தண்ணீர் விரிசல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளிப்பக்கம் காய்ந்து வெள்ளையாக உப்புப் பூக்கும், மெருகும், அதாவது மேலே இருக்கிற கண்ணாடி மாதிரிப் பூச்சும், அங்கங்கே பெயர ஆரம்பிக்கும். அப்படிப் பூத்த ஜாடியை எவ்வளவு கழுவி வைத்தாலும் மழைக்காலத்தில் மறுபடி பூக்கும். இரண்டு மூன்று ஜாடிகளை அவரே அப்படிக் காட்டி, "இது குடை வெச்சுக்கத்தான் ஆகும், ஊறுகாய்க்கு வேணாம்" என்று ஒதுக்கினார்.

ஒரு இரண்டு படி ஜாடியை அவர் கடை வாசலில் வெயிலில் வைத்து நிதானமாகப் பார்த்தேன், அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், வாங்கப் போகிறவர்களுக்கு உபயோகப்படும். கவிழ்த்தால் அடியில் மெருகு ஏறாத வளையம் தெரிந்தது, அங்கே மண் தன் சொந்த நிறத்தில், மங்கின சாம்பலாக, ஊடே இரும்புப் புள்ளிகளோடு இருந்தது. உள்ளே கையை விட்டுத் தடவினால் சக்கரத்தில் வனைந்தபோது விரல் ஓடிய வரிகள் கைக்குப் படுகின்றன. பழுப்பும் மஞ்சளும் சேருகிற இடத்தில் கோடு நேராக இல்லை, ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் ஏறி இருந்தது, ஏனென்றால் தலைப்பக்கத்தை ஒரு கலவையிலும் அடிப்பக்கத்தை இன்னொரு கலவையிலும் கையால் தோய்த்து எடுத்திருக்கிறார்கள். தோள்பட்டையில் பழுப்பு வழிந்து இரண்டு சொட்டாக நின்று, அப்படியே சூளையில் வெந்திருக்கிறது. விரல் முட்டியால் தட்டினால் ணங்கென்று நீளமாகக் கேட்கணும். டொக்கென்று அமுங்கினால் எங்கேயோ விட்டிருக்கிறது என்று அர்த்தம், வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

இந்த இரட்டை நிற மெருகுக்கு வெளிநாட்டில் பிரிஸ்டல் கிளேஸ் என்று பெயர், 1835-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊரில் வில்லியம் பவல் என்பவர் பட்டறையில் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் உப்பு மெருகுதான். சூளை நன்றாகச் சூடேறின பிறகு, 1200 டிகிரி பக்கம் போகும்போது, உள்ளே உப்பை வாரி இறைப்பார்கள், அது ஆவியாகி மண்ணில் இருக்கிற சிலிக்காவோடு சேர்ந்து பாத்திரத்தின் மேலேயே கண்ணாடித் தோலாகப் படிந்துவிடும். அப்படிச் செய்த ஜாடியின் மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி குட்டிக் குட்டிப் பள்ளமாக இருக்கும். பாய் கடையில் உப்பு மெருகு ஜாடி எப்போதாவதுதான் வருகிறது, முழுப் பழுப்பாக இருக்கும், கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பாய் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல ஜாடி எதுவாக இருந்தாலும் "இது ராணிப்பேட்டை மால்", அதாவது அந்த ஊர்ச் சரக்கு, என்று சொல்லி நூறு இருநூறு கூட்டுவார். ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி பீங்கான் ஆலை நடத்தியது நிஜம்தான், பாரிவேர் வாஷ்பேசின்கூட அங்கே பிறந்ததுதான். ஆனால் முத்திரை இல்லாத ஜாடியை எந்த ஊர் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஜாடியின் தரத்துக்குக் காசு கொடுங்கள், ஊர்ப் பெயருக்கு வேண்டாம். நான் இதைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே அந்த இருநூறைக் குறைத்துவிட்டார்.

புது ஜாடியும் இங்கே கலந்து கிடக்கிறது. இப்போது கடைகளில் விற்கிற பழுப்பு வெள்ளை ஜாடிகள் நிறைய உத்தரப் பிரதேசத்து குர்ஜாவிலிருந்து வருகின்றன, அவையும் நல்ல ஜாடிகள்தான், ஊறுகாய்க்குத் தாராளமாக ஆகும், ஆனால் பழைய விலைக்கு வாங்கக் கூடாது. பாய் அவற்றைத் தனி வரிசையில் வைத்து, கேட்டால் புதுசு என்றே சொல்லிவிடுகிறார். அவர் இல்லாமல் பையன் மட்டும் கடையில் இருந்தால் அவனுக்கு வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றையும் "பழசுதான்கா" என்பான், அதனால் பாய் இருக்கும்போது போங்கள்.

விலை: அரை லிட்டர் ஜாடி மூடியோடு 300-லிருந்து 400, இரண்டு படி அளவு 900 பக்கம், பெரிய உப்பு ஜாடி 2,500-லிருந்து மேலே. மூடி இல்லாவிட்டால் பாதிக்குப் பாதி குறையும். பேரம் பேசலாம், ஆனால் ரொம்ப இழுத்தால் பாய்க்குப் பிடிக்காது, "சரிம்மா, இன்னொரு நாள் வா" என்று ஜாடியை மறுபடி அடுக்கப் போய்விடுவார். ஒன்றாக மூன்று நான்கு எடுத்தால் அவராகவே குறைக்கிறார். பெங்களூரில் கஃபே வைத்திருக்கிறவர்கள் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதால் விலை வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, அது அவர் தப்பு இல்லை. எனக்கு வருத்தம் வேறு, அங்கே அந்த ஜாடிகளில் காய்ந்த பூவைச் செருகி வைக்கிறார்கள். உப்பும் புளிப்பும் உலோகத்தை அரிக்கும், பிளாஸ்டிக்கில் வாடை ஏறும், இந்த ஜாடி இரண்டுக்கும் அசையாது, வெளிச்சமும் புகாது, உள்ளே சூடும் சட்டென்று ஏறி இறங்காது. வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டி வைத்தால் ஆவக்காய் அடுத்த வருஷம் மாங்காய் வரும்வரை நிற்கும். இந்த மாவட்டத்தில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய, மாங்காய்க்கும் பஞ்சமில்லை, அதனால்தான் இவ்வளவு ஜாடிகள் இங்கே சேர்ந்திருக்கின்றன. பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் குடிபோய், பெரியவர்கள் ஊறுகாய் போடுவதை நிறுத்தினதும் பரணில் இருந்தது பாய் கடைக்கு வந்து சேர்கிறது. வாங்கினால் அதில் ஏதாவது போட்டு வையுங்கள்.

அடுத்தது இங்க் பாட்டில். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் இந்தக் கடையின் பொக்கிஷம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பழைய கோர்ட்டு கச்சேரிகளிலும் தாலுகா ஆபீஸ்களிலும் மை மொத்தமாகப் பெரிய பீங்கான் பாட்டிலில் வரும், அதிலிருந்து மேஜை மேல் இருக்கிற சின்ன மைக்கூட்டில் ஊற்றிக்கொள்வார்கள். வெளிறின பழுப்பு உடம்பு, குட்டைக் கழுத்து, மை சிந்தாமல் ஊற்ற விளிம்பில் ஒரு சின்ன மூக்கு. அடிப்பக்கமாகக் குனிந்து பார்த்தால் மண் ஈரமாக இருக்கும்போதே அழுத்தின எழுத்துகள், பி. அண்ட் ஜே. ஆர்னால்டு, லண்டன். கூடவே பாட்டில் செய்தவர் பெயர், ஜே. பூர்ன் அண்ட் சன், டென்பி பாட்டரி, டெர்பிக்கு அருகில். டென்பி 1809-ல் தொடங்கின பட்டறை. மை கம்பெனி ஒன்று, பாட்டில் கம்பெனி ஒன்று, இரண்டின் பெயரும் ஒரே முத்திரையில் இருக்கிறது. ஒரு பாட்டிலின் உள்ளே இன்னும் கருநீலக் கறை ஒட்டியிருந்தது, கழுவ வேண்டாம் என்று சொல்லி அப்படியே வாங்கினேன். 700 ரூபாய். 1965-ல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை இந்தப் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா, அந்தக் காலத்துப் பட்டா, சிட்டா, அடங்கலில் எத்தனையை இந்த மாதிரி மையில் எழுதியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு அந்தக் கறையைத் துடைக்க மனசு வரவில்லை. எழுத்து முழுசாகத் தெரிகிற பாட்டிலாகப் பார்த்து எடுங்கள், தேய்ந்ததற்கும் அதே விலைதான் சொல்கிறார்.

இப்போது கண்ணாடி அலமாரி. இங்கேதான் நான் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன்.

தட்டின் அடியில் இங்கிலாந்து என்று இருந்தாலே பாய்க்கு அது "வெள்ளக்காரன் காலத்து மால், நூறு வருஷம்". அவர் வேண்டுமென்று ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை, ஜாடி தெரிந்த அளவுக்கு அவருக்கு இது தெரியவில்லை, அவ்வளவுதான். நீங்கள்தான் தெரிந்துகொண்டு போகணும். அமெரிக்காவில் 1891-லிருந்து இறக்குமதிப் பொருள் எல்லாவற்றிலும் எந்த நாட்டில் செய்தது என்று எழுதணும் என்ற சட்டம் அமலுக்கு வந்தது, அதனால் 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுசாக இருந்தால் அநேகமாக இருபதாம் நூற்றாண்டு. ஜப்பான் சாமானில் 'நிப்பான்' என்று இருந்தால் 1891-க்கும் 1921-க்கும் நடுவில், அதற்கப்புறம் 'ஜப்பான்'. அந்த அலமாரியில் 1,800 ரூபாய் சொன்ன ஒரு நீலப்பூத் தட்டைத் திருப்பிப் பார்த்தால் கம்பெனி முத்திரைக்குக் கீழே பொடி எழுத்தில் டிஷ்வாஷரில் போடலாம் என்று அச்சடித்திருக்கிறது. பாத்திரம் கழுவுகிற மிஷின் வீட்டுக்கு வந்த பிறகு செய்த தட்டு எப்படி நூறு வருஷமாகும்? காட்டினேன், பாய் கண்ணாடியைப் போட்டுப் படித்துப் பார்த்து, அதை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டார்.

நிஜமாகவே பழசான தட்டும் நடுவே இருக்கிறது. நீல அச்சுத் தட்டு என்றால் விளிம்பு டிசைனைச் சுற்றிக்கொண்டே போங்கள், ஒரு இடத்தில் பூவும் கொடியும் சேராமல் வெட்டுப்பட்டு நிற்கும். செம்புத் தகட்டிலிருந்து மெல்லிய காகிதத்தில் மையை எடுத்து, அந்தக் காகிதத்தைக் கையால் தட்டின் மேல் ஒட்டி அழுத்துவார்கள், இரண்டு முனை சந்திக்கிற இடம் அது. கைவேலைக்கு அதுதான் சாட்சி. லென்ஸில் பார்த்து வெறும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பிற்கால அச்சு. மேல்தட்டில் சிவப்பு முத்திரையோடு 'ஆக்குபைட் ஜப்பான்' கப் சாசர் ஒரு ஜோடி இருந்தது, யாராவது வாங்கினால் நல்லது. போருக்குப் பிறகு நேசநாட்டுப் படை ஜப்பானை வைத்திருந்தபோது, 1947-லிருந்து 1952-க்குள் ஏற்றுமதியான சாமானில்தான் அந்த முத்திரை வரும், இவ்வளவு துல்லியமாக வருஷம் சொல்ல முடிகிற பொருள் அந்த அலமாரியில் வேறு எதுவும் இல்லை. ஜோடிக்கு 1,200 சொல்கிறார், 900-க்கு முடியும் என்று நினைக்கிறேன்.

ஒட்டு வேலையைக் கண்டுபிடிக்க ரூபாய் நோட்டு பார்க்கிற ஊதா டார்ச் ஒன்று எடுத்துப்போங்கள். இருட்டு மூலையில் அடித்தால் பல பசைகளும் மேல்பூச்சும் பளிச்சென்று வேறு நிறத்தில் தெரியும். பாய் இதைப் பார்த்துத் தானும் ஒன்று வாங்கி கல்லாவில் வைத்திருக்கிறார்.

பழைய தட்டில் சாப்பிடுகிற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். பூச்சிலும் மேலே தீட்டின சிவப்பு, மஞ்சள் நிறங்களிலும் ஈயம், காட்மியம் இருக்க வாய்ப்பு உண்டு, புளி, எலுமிச்சை, தக்காளி பட்டால் அது கரைந்து சாப்பாட்டில் இறங்கும். மெருகு முழுக்க மயிர்க்கோடு விழுந்த தட்டு என்றால் இன்னும் மோசம். சுவரில் மாட்டுங்கள். கறை போக பிளீச்சிங் பவுடரில் ஊறப்போடாதீர்கள், கோடு வழியாக உள்ளே இறங்கி மெருகைக் கிளப்பிவிடும். ஜாடியில் பழைய எண்ணெய் வாடை இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்ப சோடா போட்டு ஒரு ராத்திரி வைத்து, கழுவி, நாலு நாள் வெயிலில் காயவிட்டால் போதும். கொதிக்கிற தண்ணீரை மட்டும் நேராக ஊற்றிவிடாதீர்கள், படாரென்று விட்டுப்போகும்.

பேக்கிங் சுத்த மோசம், இதைச் சொல்லாமல் விட முடியாது. எவ்வளவு காசு கொடுத்து வாங்கினாலும் ஒரு பழைய பேப்பர், ஒரு பிளாஸ்டிக் பை, அவ்வளவுதான். நான் வாங்கின சர்க்கரைக் கிண்ணத்தின் மூடி காவேரிப்பட்டணம் தாண்டுவதற்குள் பஸ் குலுக்கலில் கைப்பிடி போய்விட்டது. போனில் சொன்னால், "கடைய விட்டுப் போனா நம்ம பொறுப்பு இல்லம்மா" என்கிறார். இவ்வளவு நேர்மையாக விற்கிற மனுஷர் ஒரு அட்டைப்பெட்டியும் கொஞ்சம் வைக்கோலும் வைத்துக்கொள்ளக் கூடாதா? மாங்காய்க்கூடை கட்டுகிற ஊரில் வைக்கோலுக்கா பஞ்சம்? பழைய துண்டு, பெட்ஷீட் நாமே கொண்டுபோவது நல்லது. பில் கிடையாது, ஜிபே உண்டு, பையன் நம்பருக்கு.

பாராட்ட வேண்டியது ஒன்று. பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்த பிறகு, நிலத்தில் உழும்போது கிடைத்த கருப்பு சிவப்புப் பானை, ஓடு என்று சிலர் கோணியில் கட்டிக்கொண்டு இவர் கடைக்கு வருகிறார்களாம். அவர் தொடுவதே இல்லை. "அது என் சரக்கு இல்ல, மியூசியத்துல கொண்டு போய்க் குடு" என்று காந்தி ரோட்டு அரசு அருங்காட்சியகத்துக்கு வழி சொல்லி அனுப்பிவிடுகிறார். மண்ணிலிருந்து எடுத்த பானை வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கும் அதே பதில்தான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு வாங்கி அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஊறுகாய்க்கு ஜாடி வேண்டும் என்றால் மாசி, பங்குனியிலேயே போய்விடுங்கள். சித்திரை பிறந்து மாங்காய் வரத்து தொடங்கினதும் ஊர்க்காரர்களே வந்து நல்ல இரண்டு படி, நாலு படி ஜாடிகளை எடுத்துவிடுகிறார்கள், அப்புறம் மூடி இல்லாததும் உப்புப் பூத்ததும்தான் மிச்சம்.